கூர் வளைவும் வெளிச்சமும்

கேள்வி: போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக இடையன்குடி போயிருந்தோம். கால்டுவெல் ஐயர் கட்டிய கிறிஸ்தவக் கோவிலில் வளைவெல்லாம் மேலே கூம்பி நிற்கிறதே என்று கேட்டதற்கு, கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை 'கோத்திக் பாணி' என்றார். ஐரோப்பாவில் இப்படிக் கட்டியதற்கு ஆன்மிகக் காரணம் உண்டா, இல்லை அழகுக்குத்தானா?
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: அழகும் உண்டு, ஆனால் அந்தப் பாணியின் உயிர் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. பாரிசுக்குப் பக்கத்தில் செயிண்ட் டெனி என்ற மடம். அதன் தலைவர் சூஜெர் கோவிலின் கிழக்குப் பகுதியைப் புதிதாகக் கட்டி 1144இல் பிரதிஷ்டை செய்தார். கோத்திக் அங்கேதான் பிறந்தது என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், தெரியாத மெய்யான வெளிச்சத்துக்கு மனதைக் கூட்டிப்போகும் என்று அவர் முழுமனதாக நம்பினார்.

சரி, வெளிச்சம் வேண்டுமென்றால் பெரிய ஜன்னல் வேண்டும், ஆனால் கல் கூரையைச் சுமக்கிற சுவரை அவ்வளவு திறந்துவிட்டால் அது நிற்காது. நீங்கள் பார்த்த கூர் வளைவு இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கைகொடுத்தது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும்; கூர் வளைவோ பெரும்பகுதியைக் கீழே இறக்கிவிடும். கூரைக்கு அடியில் விலா எலும்பு மாதிரி ஓடுகிற கல் வரிகள் அந்தப் பாரத்தைத் தூண்களில் சேர்க்க, மிச்சமுள்ள தள்ளலை வெளியே சாய்ந்து நிற்கிற முட்டுகள் வாங்கிக்கொள்ளும். அப்புறம் சுவருக்குச் சுமையே இல்லை, அந்த இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிடலாம்.

சார்த்ர் நகரில் 1194 தீ விபத்துக்குப் பிறகு எழுந்த கோவிலில் கூரை சுமார் 37 மீட்டர் உயரம், ஜன்னல்களில் அந்த நீலம்! எழுத்துத் தெரியாதவர்களும் பைபிள் கதைகளை அதில் பார்த்தார்கள்; சில ஜன்னல்களின் அடியில் ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர் என்று ஊர் ஜனங்களே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படங்கள்தான் ரொம்பப் பிடிக்கும். உயரத்துக்கு ஆசைப்பட்ட போவே நகரத்தில் 48 மீட்டர் கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்தும் விழுந்தது.

நெல்லையப்பர் கோவிலில் உள்ளே போகப்போக வெளிச்சம் குறையும், கடைசியில் ஒரு சுடர்தான் சாமியைக் காட்டும். சார்த்ரில் கனத்த மேற்கு வாசலைக் கடந்து கிழக்கே பலிபீடத்தை நோக்கி நடந்தால், எதிரே காலை வெயில் கண்ணாடி வழியாக நிறம் நிறமாக இறங்கும்.

கல்யாணக் கூட்டத்தில் இடையன்குடியை நிதானமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கால்டுவெல் பல வருஷம் பாடுபட்டு 1880இல்தான் அது பிரதிஷ்டையானது, அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். அடுத்த தடவை கூட்டமில்லாத காலையில் போய், நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.