தூர்தர்ஷனின் எண்பதுகள்: தொடர் நாடகங்கள் பற்றிய கேள்வி பதில்

தூர்தர்ஷனில் 1984 முதல் 1990 வரை ஒளிபரப்பான தொடர் நாடகங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எண்பதுகளின் தொடர்களை நாம் கொண்டாடுவதற்கு அன்று ஒரே ஓர் அலைவரிசைதான் இருந்தது என்பதே காரணம் என்று என் மகன் வாதிடுகிறான். வேறு வழியில்லாமல் பார்த்தவற்றைத்தான் நாம் சிறந்தவை என்கிறோமா?

பதில்: அத்தனை பேர் ஏன் பார்த்தார்கள் என்பதற்கு உங்கள் மகன் சொல்வது சரியான விளக்கம். ஆனால் அவற்றுள் சில மட்டும் ஏன் நினைவில் நின்றன என்பதற்கு அது விளக்கமாகாது. அதே அலைவரிசையில், அதே நேரத்தில் ஓடிய எத்தனையோ தொடர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியவில்லை. நின்றவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும்: கதை எங்கே முடியப்போகிறது என்பது எழுதியவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. தூர்தர்ஷன் பெரும்பாலும் 13 வாரங்கள், அதாவது ஒரு காலாண்டு என்ற அளவில்தான் தொடர்களுக்கு ஒப்புதல் அளித்தது. நீட்டிப்பு வேண்டுமானால் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். தயாரிப்பாளர்களுக்கு அது தொல்லையாக இருந்திருக்கலாம். எழுத்துக்கோ அது பெரும் நன்மை செய்தது. எழுதியவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். மனோகர் ஷியாம் ஜோஷி, ஷரத் ஜோஷி, ராஹி மாசூம் ரஸா ஆகியோர் இந்தி இலக்கியத்தில் ஏற்கெனவே இடம் பெற்றிருந்தவர்கள். இயக்குநரின் பெயரைவிட எழுத்தாளரின் பெயரைச் சொல்லி ஒரு தொடரை அடையாளம் காட்ட முடிந்த காலம் அது.

கேள்வி: ‘ஹம் லோக்’ அரசின் குடும்பநலப் பிரசாரமாகத் தொடங்கியது என்று படித்தேன். அது எப்படி மக்களின் தொடராக மாறியது?

பதில்: பிரசாரம் தோற்றதால்தான் மாறியது. மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் பொழுதுபோக்குத் தொடர்களின் வழியே சமூகக் கருத்துகளைப் பரப்பும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். அதைப் பின்பற்றி இந்தியாவிலும் ஒரு தொடர் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’. பி. குமார் வாசுதேவ் இயக்கினார். முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு அறிவுரை தூக்கலாக இருந்தது. பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு மனோகர் ஷியாம் ஜோஷி அறிவுரையைக் குறைத்து, குடித்துவிட்டு வரும் தந்தை பசேசர் ராம், எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் தாய் பாகவந்தி, திருமணம் தள்ளிப்போகும் மூத்த மகள் படகி ஆகியோரின் அன்றாடப் பாடுகளின் பக்கம் கதையைத் திருப்பினார். அதன்பின் அந்தக் குடும்பம் நாட்டின் குடும்பமாயிற்று.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றிப் பார்வையாளர்களுடன் பேசுவார். தொடர் ஓடிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் வந்த கடிதங்கள் 4 லட்சத்துக்கும் மேல். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மக்கள் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள் என்றால், அந்தப் பாத்திரங்களைத் தங்கள் உறவினர்களாகவே கருதினார்கள் என்றுதான் பொருள்.

கேள்வி: இந்தி தெரியாத தமிழ்நாட்டில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ எவ்வாறு அவ்வளவு பார்க்கப்பட்டது? அது உண்மையில் நல்ல தொடர்தானா?

பதில்: கதை தெரிந்தவர்களுக்கு வசனம் ஓர் இடையூறே அல்ல. தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் பழகிய நம்மவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும்; அது எப்படி நடத்திக் காட்டப்படுகிறது என்பதற்காகத்தான் உட்கார்ந்தார்கள். 1987 ஜனவரி 25 அன்று தொடங்கி 1988 ஜூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அது ஒளிபரப்பானது. தொடக்கப் பெயர்ப் பட்டியலில் வால்மீகி, துளசிதாசர் ஆகியோருடன் கம்பராமாயணமும் ஆதார நூல்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டதைக் கவனித்துப் பெருமை கொண்ட தமிழ் வீடுகள் பல. ஆனாலும் அந்தத் தொடரின் உயிர் துளசிதாசரிடம்தான் இருந்தது. திருமணத்துக்கு முன் இராமனும் சீதையும் சந்திப்பதை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் அப்படி ஒரு சந்திப்பே இல்லை. கம்பனில் மிதிலை வீதியில் செல்லும் இராமனும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையும் ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். துளசியில் அது பூந்தோட்டத்தில் நிகழ்கிறது. தொடர் தேர்ந்துகொண்டது பூந்தோட்டத்தைத்தான்.

நல்ல தொடரா என்று கேட்டால், என் பதில் கலவையானது. இராமனாக நடித்த அருண் கோவிலின் நிதானமும், இராவணனாக வந்த அரவிந்த் திரிவேதியின் குரலும் உடல்மொழியும், ரவீந்திர ஜெயினின் இசையும் இன்றும் பழுதுபடவில்லை. ஆனால் 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் மூன்று முறை நீட்டிக்கப்பட்டு 78 பகுதிகளானபோது, ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்கும், அங்கிருந்து மீண்டும் முதலாமவர் முகத்துக்கும் கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் பெருகின. முன்பு சொன்ன எல்லையின் அருமை இங்கே தெரிகிறது. பட்டாபிஷேகத்தோடு முடிந்த கதையைத் தொடர வேண்டும் என்று வால்மீகி முனிவரைப் போற்றி அவர் பெயரையே தாங்கிய வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளர்கள் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் உத்தர காண்டமும் தொடராக வந்தது. வால்மீகியே ஒரு பாத்திரமாகத் தோன்றும் காண்டம் அது என்பதை நினைத்தால், அந்தக் கோரிக்கையில் இருந்த தன்மானம் விளங்கும்.

கேள்வி: ‘மகாபாரதம்’ தொடருக்கு வசனம் எழுதியவர் ஓர் இஸ்லாமியர் என்பது உண்மையா?

பதில்: உண்மை. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் கங்கௌலி என்னும் ஊரில் பிறந்த ராஹி மாசூம் ரஸாதான் பி. ஆர். சோப்ராவின் தொடருக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதினார். அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. தானும் கங்கையின் மைந்தனே என்று கூறி அவர் அந்தப் பணியை ஏற்றார். காலத்தையே கதைசொல்லியாக ஆக்கியது அந்தத் தொடரின் மிகச் சிறந்த முடிவு. சுழலும் பிரபஞ்சத்தின் பின்னணியில் ஹரீஷ் பிமானியின் குரல் ஒலிக்கும்போது, எந்தப் பக்கமும் சாராத ஒரு சாட்சி பேசுவதாகத் தோன்றும். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் கொண்ட கதையை 94 பகுதிகளுக்குள் ஒரே இழையில் கோக்க அந்தக் குரல் இல்லாமல் முடிந்திருக்காது.

கேள்வி: ‘மால்குடி டேஸ்’ எங்கே படமாக்கப்பட்டது? அதன் முகப்பு இசையை அமைத்தவர் யார்?

பதில்: கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்திலுள்ள ஆகும்பேயில் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. இசை எல். வைத்தியநாதன், வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையன். முகப்பில் வரும் ஓவியங்கள், கதாசிரியர் ஆர். கே. நாராயணின் தம்பி ஆர். கே. லட்சுமணனுடையவை. இயக்கிய ஷங்கர் நாக் 1990 செப்டம்பரில் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35. சென்னையில் பிறந்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னட நடிகர்கள் இந்தியில் பேசி நடித்தார்கள்; ஆயினும் சுவாமி என்னும் சிறுவனாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் தன்னைக் கண்டுகொண்டான்.

கேள்வி: ‘தமஸ்’ தொடரை நிறுத்த நீதிமன்றம் வரை சென்றார்களாமே. அதில் அப்படி என்ன இருந்தது?

பதில்: பிரிவினைக்குச் சற்று முன் பஞ்சாபில் ஒரு மதக்கலவரம் எவ்வாறு திட்டமிட்டுத் தூண்டப்படுகிறது என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டியது. தோல் பதனிடும் எளிய தொழிலாளியான நத்து, கால்நடை மருத்துவருக்குத் தேவை என்று நம்பி ஒரு பன்றியைக் கொல்கிறான். மறுநாள் காலையில் அதன் உடல் மசூதி வாசலில் கிடக்கிறது. தன்னை அறியாமல் தீ வைத்துவிட்ட அந்த மனிதனின் குற்ற உணர்வை ஓம் புரி நடித்த விதத்துக்கு இணையாக இந்தியத் தொலைக்காட்சியில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கதையை எழுதியவர் ராவல்பிண்டியில் பிறந்து, அந்தத் துயரை அருகிலிருந்து கண்ட பீஷ்ம சாஹனி. இந்த நாவல் 1975இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தொடரில் வீடிழந்து அலையும் முதிய சீக்கியர் ஹர்நாம் சிங்காக அவரே நடித்தார். மனைவியாக நடித்தவர் தீனா பாடக். ஒளிப்பதிவில் பேர்பெற்ற கோவிந்த் நிஹலானி இயக்கினார்.

1988 ஜனவரியில் ஒளிபரப்பு தொடங்கியதும், இது வகுப்புப் பகையைக் கிளறும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் ஆகிய இருவரும் படத்தை முழுவதும் பார்த்த பின்னரே தடையை நீக்கினார்கள். உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு பிப்ரவரியில் தடை கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு படைப்பின் விளைவை நியாயமும் மனத்திண்மையும் உள்ள மனிதர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும், எதையும் கண்டு தடுமாறுபவர்களை வைத்து அல்ல என்ற அளவுகோலை அது வலியுறுத்தியது. அரசு அலைவரிசை ஒன்று இத்தகைய தொடரை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்த பின்னும் பின்வாங்காமல் நின்றதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: அன்றைய தொடர்களில் பெண்கள் இன்றைய தொடர்களில் வருவதைவிட வலுவாகச் சித்திரிக்கப்பட்டார்களா?

பதில்: எல்லாவற்றிலும் அல்ல. ‘ஹம் லோக்’ தாயின் பொறுமையைக் கண்டு பல பெண்கள் விழிப்படைவதற்குப் பதிலாக அதையே முன்மாதிரியாகக் கொண்டார்கள் என்று அந்நாளைய ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆனால் 1985இல் பிரியா தெண்டுல்கர் நடித்த ‘ரஜனி’யில், எரிவாயு உருளை தருவதற்குக் கையூட்டுக் கேட்பவரைத் தட்டிக்கேட்கும் இல்லத்தரசி வந்தார். 1989இல் ‘உடான்’ வந்தது. அதை எழுதி, இயக்கி, கல்யாணி என்னும் காவல்துறை அதிகாரியாக நடித்தவர் கவிதா சௌத்ரி. அது அவருடைய சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத் தழுவியது. காஞ்சன் 2004இல் உத்தராகண்டில் காவல்துறைத் தலைமை இயக்குநரானார்; இந்தியாவில் அந்தப் பதவியை வகித்த முதல் பெண் அவரே. எதிரியாக இன்னொரு பெண்ணை நிறுத்தாமல் ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல முடியும் என்று ‘உடான்’ காட்டியது. அந்தப் பாடத்தைப் பின்வந்தவர்கள் தொடராதது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: தமிழில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லையா?

பதில்: 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்கிய சென்னை நிலையத்தில் செவ்வாய்க்கிழமை மாலை நாடகங்களுக்கு ஒரு தலைமுறையே காத்திருந்தது. அவை பெரும்பாலும் ஒரே நாளில் முடியும் அரங்க நாடகங்கள். எஸ். வி. சேகர், காத்தாடி ராமமூர்த்தி போன்ற மேடைக் கலைஞர்களின் வீச்சு அதில் இருந்தது; ஆனால் ஒரு பாத்திரம் மாதக்கணக்கில் நம்மோடு வளரும் தொடர் வடிவத்துக்கு அங்கே இடம் குறைவு. தொண்ணூறுகளில் கே. பாலசந்தர் ‘ரயில் சிநேகம்’ வழியாகவும், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா இயக்கிய ‘மர்ம தேசம்’ வழியாகவும் அந்த வடிவம் தமிழில் வேரூன்றியது. அவை தனியாகப் பேசப்பட வேண்டியவை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, இந்தி அதிகம் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘மால்குடி டேஸ்’ முதலில். முதல் 13 பகுதிகள் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டதால் மொழிச் சிக்கல் இருக்காது. அடுத்து ‘தமஸ்’, அதை இடைவெளி விட்டுப் பார்க்காமல் ஓரிரு நாளில் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவதாக, ஷியாம் பெனகல் நேருவின் நூலை அடிப்படையாகக் கொண்டு 53 பகுதிகளாக எடுத்த ‘பாரத் ஏக் கோஜ்’. அதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இரண்டு பகுதிகளும், சோழப் பேரரசுக்கு இரண்டு பகுதிகளும் அதில் உண்டு. கண்ணகியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால், இந்தி புரியாத இடங்களிலும் காட்சியைப் பின்தொடர முடியும். அந்த நான்கு பகுதிகளையும் பார்த்த பிறகு மற்றப் பகுதிகளுக்குச் செல்லுங்கள்.