தகரத்தை எடைபோட்டு வாங்குங்கள்
பனிக்காலத்தில் நீலகிரிச் சிறு விவசாயிகளின் கேள்விகள்

கேள்வி: 2,000 வாட் அறை ஹீட்டர் வாங்கினேன். மாற்றுச் செருகி போட்டு, டி.வி.க்கான எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணைத்து இரவு முழுவதும் ஓட்டினேன். மூன்றாம் நாள் பெட்டி உருகிவிட்டது. கடைக்காரர் ஹீட்டரைத் திரும்ப எடுக்க மறுக்கிறார். (வாசகர், கேத்தி)

பதில்: அவர் மறுப்பது நியாயம். உருகியது பெட்டி, ஹீட்டர் அல்ல. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பெட்டி 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாதபடி செய்திருப்பதே உங்கள் வீடு எரியாமல் இருக்கத்தான். அதை மாற்றுச் செருகி வாங்கி நீங்களே தோற்கடித்திருக்கிறீர்கள். 16 ஆம்பியர் இணைப்புக்குத் தனிக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 16 யூனிட் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: "புகையில்லாக் கரி" என்று விற்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, கணப்புச் சட்டியை அறையில் வைத்துத் தூங்கலாமா?

பதில்: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

கேள்வி: தொழுவத்துக்கும் வீட்டின் பின்கட்டுக்கும் 0.50 மி.மீ. கனம் என்று சொல்லி 40 வண்ணத் தகரம் கொடுத்தார்கள். ஒரே பெருங்காற்றில் வளைந்துவிட்டது. "இது 0.35 தான் இருக்கும்" என்கிறார் வெல்டர். பில்லில் "கலர் ஷீட் 40" என்று மட்டும் எழுதியிருக்கிறது. (வாசகி, கோத்தகிரி அருகே)

பதில்: அம்மா, வெல்டர் சொல்வது சரியென்றால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல ஆண்டுக் கோபம் இருப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

அரிசியை எடைபோடாமல் வாங்க மாட்டோம். பறித்த தேயிலையில் ஒரு கிலோ கழித்தால் சண்டைக்கு நிற்போம். ஆனால் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கும் கூரையை மட்டும் நிறம் பார்த்து வாங்குகிறோம். அரை மில்லிமீட்டருக்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். ஒரு சதுர மீட்டர் உருக்குத் தகடு 0.50 மி.மீ. கனத்தில் 3.9 கிலோ இருக்கும். மடிப்பு போட்டபின் மூன்றரை அடியாகத் தெரியும் தகரம், பொதுவாக 4 அடி அகலத் தகட்டிலிருந்து வருகிறது. அப்படியானால் 10 அடித் தகரம் ஒன்று ஏறக்குறைய 14.6 கிலோ இருக்க வேண்டும். 0.40 என்றால் 11.7 கிலோ; 0.35 என்றால் 10.2 கிலோ. "பெயின்டையும் சேர்த்துத்தான் 0.50" என்பார்கள். சேர்த்தே இருக்கட்டும். அதற்காக ஒரு கிலோ அளவுக்குக் குறையலாம், நான்கு கிலோ குறையாது.

மாட்டாத தகரம் ஒன்று மிச்சமிருந்தால் இன்றே எடை போட்டுப் படம் எடுங்கள். இல்லையென்றால் வளைந்ததைக் கழற்றி எடை போடுங்கள். விலை பேசியபோது கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு, கைப்பேசிச் செய்தி எதிலாவது 0.50 என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கடைக்கு எழுத்துமூலம் கேட்டு, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சமவெளியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை.

கேள்வி: புதுத் தகரக் கூரை, மழையே இல்லாத நாளில் விடியற்காலை ஒழுகுகிறது. கடைக்காரரிடம் கேட்கலாமா?

பதில்: ஒழுகவில்லை, வியர்க்கிறது. அறையின் ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. அடியில் வெப்பக்காப்பு அட்டை போட்டு, காற்றுப்போக்கி வையுங்கள்.

கேள்வி: சூரிய வெந்நீர்க் கலன் வாங்கப்போகிறோம். தட்டை வகைதான் நீடித்து உழைக்கும் என்கிறார் விற்பனையாளர். (வாசகர், தலைகுந்தா)

பதில்: சமவெளியில் அது சரியாக இருக்கலாம். உங்கள் பள்ளத்துக்குக் கண்ணாடிக் குழாய் வகையை வாங்குங்கள். இதே பேச்சை நம்பி நான் தட்டை வகை வாங்கினேன். முதல் ஜனவரியிலேயே உள்ளிருந்த செம்புக் குழாய்கள் இரண்டு பிளந்தன. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. செம்பு அதற்கு ஈடுகொடுக்காது. தெளிந்த இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிரும். அதனால் காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதே அதற்குள் நீர் உறைந்துவிடும். உங்கள் புல்வெளி வெளுப்பதும் இப்படித்தான். உத்தரவாதத் தாளின் கடைசி வரியில், உறைபனிச் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் முன்பே படித்திருக்க வேண்டும். நீங்கள் பணம் கொடுக்கும் முன் படியுங்கள். எந்த வகை வாங்கினாலும் வெளிக்குழாய்களுக்குக் காப்புறை போடாமல் விடாதீர்கள்.

கேள்வி: சாலையோரத்தில் "சுத்தக் கம்பளி" என்று நான்கு போர்வை வாங்கினேன். கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையானால் செயற்கை இழை. வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

கேள்வி: காரட் விதை பாதிகூட முளைக்கவில்லை. "பனிதான் காரணம்" என்கிறது கடை. பக்கத்து வயலில் வேறு லாட் (தொகுதி) விதை நன்றாக முளைத்திருக்கிறது. பாக்கெட்டும் பில்லும் இருக்கின்றன. விதை முழுவதையும் தெளித்துவிட்டோம். (வாசகர், எமரால்டு)

பதில்: குளிரில் காரட் தாமதமாக முளைக்கும் என்பது உண்மை. ஆனால் பனி உங்கள் வரப்போடு நின்றுவிடாது. தோட்டக்கலைத் துறை அலுவலரை உடனே வயலுக்கு வரவழைத்து, முளைப்பை எண்ணி எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வயலையும் அவர் பார்க்கட்டும். பாக்கெட்டில் லாட் எண்ணும் முளைப்புத்திறனும் அச்சிட்டிருக்கும். அதைக் கிழிக்காமல் வையுங்கள். பரிசோதனைக்கு விதை மிச்சமில்லையே என்று பயப்பட வேண்டாம். தேசிய விதைக் கழக வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றது. வாங்கியதையெல்லாம் விதைத்துவிடும் விவசாயி, சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. அலுவலரின் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று விளக்குகிறேன்.