மகளின் பாட்டுக்குச் சிரித்துவிட்டேன்

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் எழுதிப் பாடிய 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மெண்ட்' ஆல்பம் என்றால் அவளுக்கு உயிர். ஓர் ஆங்கில விமர்சனத்தில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சாப்பிடும்போது அதை வாசித்துக் காட்டிச் சிரித்துவிட்டேன். பாதியில் எழுந்து போனவள் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "மனதைக் கொட்டி எழுதியதைப் பார்த்துச் சிரிக்கிறாயே அம்மா" என்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஆல்பத்தை நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. சிரிப்பையும் இரவல் வாங்கித்தான் சிரித்திருக்கிறீர்கள்.

நான் கேட்டேன். காதல் முறிவைப் பாடும் அந்த ஆல்பம் 2024 ஏப்ரல் 19 அன்று 16 பாடல்களோடு வெளியானது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15 பாடல்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆக மொத்தம் 31, கேட்டு முடிக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல். பந்தியில் 'போதும், போதும்' என்று கை மறித்தாலும் இலையில் போட்டுக்கொண்டே போவார்களே, இருபதாவது பாடலுக்கு மேல் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அமெரிக்க விமர்சகர்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 'பிட்ச்ஃபோர்க்' 10க்கு 6.6 போட்டது. இவருக்கு ஓர் எடிட்டர் தேவை என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காதல் முறிவின் வலி பொய் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. இசை ஒரே சாயலில் போகிறது, வெட்ட வேண்டியதை வெட்டவில்லை என்பதுதான் புகார். ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் காதலன் புகைத்துவிட்டு ஏழு சாக்லேட் பார்களைத் தின்கிறான், பிறகு பச்சை குத்திய நாய் மாதிரி தூங்கிப்போகிறான். அதிகமாகக் கேலிக்கு ஆளான வரிகளில் இதுவும் ஒன்று. நீங்கள் வாசித்துக் காட்டியது இதுவாக இருந்தால் சிரிப்பு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கும் வந்தது.

ஆனால் அதே ஆல்பத்தில் 'ஐ கேன் டூ இட் வித் எ புரோக்கன் ஹார்ட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. உள்ளே மனம் நொறுங்கிக் கிடக்க, மேடையில் பளபளக்கும் உடையோடு சிரித்து ஆடும் பெண்ணின் கதை. மேடைப் பாடகர்களுக்குத் தாளம் தப்பாமல் இருக்கக் காதுக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிக்கொண்டே ஒரு குரல் ஓடும். நமக்கு அது கேட்காது. இந்தப் பாட்டில் அந்த எண்ணிக்கையை நமக்கும் கேட்கும்படி விட்டிருக்கிறார். துள்ளல் மெட்டு, அதற்கு அடியில் வேலைக்கு விரட்டும் மேஸ்திரியைப் போல அந்தக் குரல். உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவே வெளியிட்ட ஆல்பம் இது என்பதையும் சேர்த்துக் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். இதைச் செய்யத் தெரிந்தவர்தான் அந்த ஏழு சாக்லேட்டையும் எழுதினார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இணையத்தில் கேட்டதையும் சேர்த்து முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 26 லட்சம் ஆல்பங்களுக்குச் சமமான விற்பனை என்று உங்கள் மகள் கணக்குக் காட்டுவாள். கணக்கு சரிதான். அதற்காக நீங்கள் வாயடைத்துப்போக வேண்டியதில்லை. வாசலில் கூட்டம் நிற்கிறது என்பதால் உள்ளே இட்லி மெதுவாகிவிடாது.

அவள் எழுந்து போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பேஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை இந்த ஆல்பத்தின் விமர்சனத்தை எழுதியவர் பெயர் போடாமல் வெளியிட்டது. 2019இல் இதே பாடகியின் 'லவர்' ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வந்த வன்முறை மிரட்டல்கள்தான் காரணம் என்று அதுவே சொன்னது. அவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் மகள் தங்கம். சோற்றைத்தானே பாதியில் விட்டாள்?

31 பாடல்களையும் கேட்டுத் தேர்வு எழுத வேண்டாம். "எந்தப் பாட்டை முதலில் கேட்கட்டும்?" என்று ஒன்றே ஒன்றை அவளிடமே கேட்டு வாங்குங்கள். அவள் எதைத் தருகிறாள் என்பதைக் கவனியுங்கள். பத்து நாளில் பேசாததில் பாதி அதில் இருக்கலாம். கேட்டு முடித்ததும் உடனே அபிப்பிராயம் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி வரை தாக்குப்பிடியுங்கள். பிறகு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். எந்த வரி, ஏன் என்று சேர்த்துச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். வரட்டும், அதுவும் பேச்சுதான்.

மன்னிப்பு? கேளுங்கள். சிரித்ததற்கு மட்டும் போதும். அதுவும் அவள் காதிலிருந்து இயர்போனை எடுத்த பிறகு.