வெந்த முட்டை ஏன் மறுபடி இளகாது?

கேள்வி: உறைந்த நெய்யைச் சூடாக்கினால் உருகுகிறது. வெந்த முட்டை மட்டும் ஆறினாலும் பழையபடி ஆவதில்லையே? மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் ஏன்?

பதில்: நெய் உருகும்போது மூலக்கூறின் வடிவம் கெடுவதில்லை, முட்டையில் வடிவமே குலைகிறது. வெள்ளைக் கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோத்த சங்கிலி அது. நீரோடு ஒட்டாத அமிலங்களை உள்ளே மறைத்து நூல்கண்டுபோலச் சுருண்டிருப்பதால்தான் நீரில் கரைந்து நிற்கிறது. சூட்டில், அந்தச் சுருளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய கட்டுகள் அறுந்து நூல்கண்டு பிரியும். மணிகளின் வரிசை மட்டும் மாறாது. வெளியே வந்த அமிலங்கள் பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்ள, சிஸ்டீன் என்னும் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் கந்தகப் பாலம் போட்டு இறுக்குகின்றன. அந்த வலையில் நீர் சிக்குவதால்தான் கெட்டியாகிறது. சிக்கு விழுந்த நூல் ஆறியதும் தானாகக் கண்டாகுமா?

எல்லாம் ஒரே சூட்டில் உறைவதுமில்லை. வெள்ளைக் கருவிலேயே இன்னொரு புரதம் சுமார் 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மஞ்சள் கரு 65 முதல் 70க்குள். ஓவால்புமினுக்கு 80 வேண்டும். அதிகம் வெந்த வெள்ளைக் கரு ரப்பராவது இதனால்தான்.

பச்சை வளையம், வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்த இரும்பு சல்பைடு. தாராளமாகச் சாப்பிடலாம். வளையம் வராமலிருக்க, கொதிநீரில் 10 நிமிடம் போதும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள். நாள்பட்ட முட்டையில் காரத்தன்மை கூடியிருப்பதால் வளையம் சீக்கிரம் வரும்.