டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த 48 ரிங்கிட்

கேள்வி: தம்பி மகள் திருமணத்துக்காக நாங்கள் நான்கு பேர் சென்னை போகிறோம். ஒரு விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் போக, வர டிக்கெட் எடுத்தேன். பணம் கட்டிய பிறகுதான் கவனித்தேன்: ‘கார்பன் ஈடு’ என்று ஆளுக்கு 12 ரிங்கிட், மொத்தம் 48 ரிங்கிட் சேர்ந்திருந்தது. அந்தக் கட்டத்தில் நான் டிக் போடவில்லை. முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். “ஐரோப்பாவில் விமான நிறுவனங்கள் கார்பனுக்குச் சந்தையில் காசு கட்டுகின்றன, அதைத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள், விடு” என்கிறார் கணவர். உண்மையா? பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, செந்தூல்

பதில்: விட வேண்டாம், சகோதரி. கேட்டு வாங்குங்கள். மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016-இலிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டாயமில்லாத எந்தச் சேவையையும் நிறுவனம் தானாகவே கட்டணத்தில் சேர்க்கக் கூடாது, பயணிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. இருக்கைத் தேர்வு, காப்புறுதி போன்றவற்றுக்கு என்ன நியாயமோ அதே நியாயம்தான் இதற்கும். ரசீதோடு முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். முன்பு இந்தப் புகார்களைக் கவனித்த மாவ்கொம், 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த ஆணையத்தோடு இணைந்துவிட்டது.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்லும் ஐரோப்பியச் சந்தை உண்மைதான். 2005-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குள் 2012-இல் விமானங்களையும் கொண்டுவந்தார்கள். மொத்தம் எவ்வளவு கரியமில வாயு வெளியேறலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு போடும். ஒரு டன்னுக்கு ஓர் உரிமம்; அதைத்தான் சந்தையில் வாங்கி விற்கிறார்கள். வெளியேற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் நிறுவனம் ஓர் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். தவறினால் டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல் அபராதம். அந்த உச்சவரம்பை ஆண்டுக்கு ஆண்டு இறக்கிக்கொண்டே வருகிறார்கள். வெளியேற்றத்தை உண்மையிலேயே இறுக்கிப் பிடிப்பது இதுதான் என்பேன். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் விமானங்களையும் சேர்க்க அவர்கள் முயன்றபோது அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் எதிர்த்தன. அதனால் நீண்டதூர விமானங்களில் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன. கோலாலம்பூர்–பாரிஸ் விமானமே அதற்குள் இல்லாதபோது சென்னை விமானம் எங்கே வரும்?

நம் பக்கத்து விமானங்களுக்குப் பொருந்துவது கோர்சியா என்ற வேறொரு திட்டம். ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்கும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. இதில் உச்சவரம்பு கிடையாது. 2019-இல் வெளியான அளவில் 85 விழுக்காட்டை அடிக்கோடாக வைத்து, அதற்கு மேல் போவதற்கு மட்டும் நிறுவனங்கள் கார்பன் கிரெடிட் (வேறோர் இடத்தில் ஒரு டன் கரியமில வாயு குறைக்கப்பட்டதற்கான சான்று) வாங்கி ஈடுகட்ட வேண்டும். இரு முனை நாடுகளும் சேர்ந்திருந்தால்தான் அந்தத் தடம் கணக்கில் வரும். இந்தியா 2027-இல்தான் இதில் சேர ஒப்புக்கொண்டது. அதுவரை கோலாலம்பூர்–சென்னைத் தடத்துக்கு இந்தக் கடமையே இல்லை.

ஆக, நீங்கள் கட்டிய 48 ரிங்கிட் இந்த இரண்டிலும் சேராது. அது நீங்களாக விரும்பிக் கொடுக்கும் நன்கொடை மாதிரி. கொடுப்பது தவறென்று சொல்லமாட்டேன். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதை நினைத்து மனம் உறுத்துகிறவர்களை நான் மதிக்கிறேன். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது, எத்தனை கிலோவுக்கு ஈடு என்ற இரண்டையும் சொல்லாத கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

டன்னுக்கு டன் தரமும் மாறும், விலையும் மாறும். 2023 மார்ச்சில் பங்குச்சந்தையான புர்சா மலேசியாவின் கார்பன் சந்தையில் நடந்த முதல் ஏலத்தில் தொழில்நுட்ப வகை கிரெடிட் ஒன்று 18.50 ரிங்கிட்டுக்கும், காடு போன்ற இயற்கை சார்ந்தது 68 ரிங்கிட்டுக்கும் போயின. இரண்டுமே ஒரு டன்தான்! காட்டுத் திட்டம் என்றாலே நல்லது என்றும் நம்பிவிட முடியாது. கம்போடியாவின் சதர்ன் கார்டமம் காட்டுத் திட்டத்தில் உள்ளூர் மக்களின் உரிமைகள் மீறப்பட்டதாகப் புகார் எழுந்ததால், சான்று வழங்கும் வெர்ரா அமைப்பு 2023-இல் அதற்குப் புதிய கிரெடிட் தருவதை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டுதான் மறுபடி அனுமதித்தது. சபாவின் குவாமுட் காட்டுப் பாதுகாப்புத் திட்டம் போலப் பெயரும் இடமும் தெரிந்தால், நாமே தேடிப் படித்து முடிவெடுக்கலாம். வெறும் பச்சை இலைப் படத்தை நம்பிப் பணம் கொடுக்க முடியுமா?

கேள்வி: என் டிக்கெட்டில் ‘புறப்பாட்டு வரி’ 20 ரிங்கிட் இருக்கிறது. அதுவும் கார்பனுக்குத்தானா? வேண்டாமென்று சொல்லலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இல்லை, சொல்லவும் முடியாது. அது 2019 செப்டம்பரிலிருந்து அரசாங்கம் வசூலிக்கும் வரி. சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட், மற்ற நாடுகளுக்கு 20. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கிடையாது.

கேள்வி: மகன் பினாங்கில் படிக்கிறான். மாதம் ஒரு முறை விமானத்தில் போய்வருகிறேன். இந்தக் கார்பன் கட்டணத்தைக் கட்டினால் போதுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்களிடம் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனமில்லை, ஐயா. உள்நாட்டு விமானம் கோர்சியாவில் வராது. தூரம் குறைவு; எரிபொருளில் பெரும்பங்கு மேலே ஏறுவதிலேயே தீர்ந்துவிடும். கே.எல். சென்ட்ரல் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கிருந்து இ.டி.எஸ். இரயிலில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த், பிறகு ஃபெரியில் ஜார்ஜ் டவுன். விமான நிலையத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம் எல்லாம் கூட்டிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. தீபாவளி வாரத்திலும் பள்ளி விடுமுறையிலும் மட்டும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.