பிரின்ஸ் ரூபர்ட்டில் கார்ப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆகஸ்டில் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கு விமானத்தில் போகிறோம். இறங்கியதும் கார் எடுக்கலாமா? மழை எப்படி? (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் கடற்கரை நகரான பிரின்ஸ் ரூபர்ட்டின் விமான நிலையம் டிக்பி தீவில் இருக்கிறது, அங்கிருந்து நகருக்குச் சாலை இல்லை. பயணிகளை ஏற்றிய பேருந்து ஃபெரியில் ஏறி நகருக்கு வரும். காரை நகரில் எடுப்பதாகத் திட்டமிடுங்கள். சிறிய ஊர், வாடகைக் கார்களும் கொஞ்சம்தான். விமானச் சீட்டு எடுக்கும் கையோடு காரையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஆண்டு மழை 2,500 மி.மீ.க்கு மேல். இலையுதிர் காலத்தை விட ஆகஸ்டில் குறைவு என்றாலும் தூறல் இல்லாத வாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். கடற்காற்றில் குடை நிற்காது. தலைமூடி வைத்த மழைக்கோட்டும் நனையாத சப்பாத்தும் போதும்.

கேள்வி: எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். எதை முதலில் பார்ப்பது? (வாசகர், மொன்றியல்)

பதில்: வானிலையை விடுங்கள், வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாருங்கள். நகரிலிருந்து நெடுஞ்சாலை 16-இல் ஐந்தாறு கி.மீ. போனால் பட்ஸ் ரேப்பிட்ஸ் நடைபாதை வரும். குறுகலான கடல்வாய் வழியாக உள்குடாத் தண்ணீர் வெளியே பாயும்போது நுரைத்துச் சுழலும். கடல் பெருகும்போது ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பும். நன்றாகப் பெருகிய கடல் வற்றத் தொடங்கிய பிறகு போனால்தான் அந்த வேகம் தெரியும். ஓட்டம் மாறும் இடைவேளையில் போகிறவர்கள் அசையாத தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். சுற்றுப்பாதை சுமார் 5 கி.மீ.; இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மிச்ச நேரம் முழுவதும் போர்ட் எட்வர்டில் உள்ள நார்த் பசிபிக் கேனரிக்கு. 1889-இல் தொடங்கிய சால்மன் மீன் டின் தொழிற்சாலை அது, தண்ணீருக்கு மேல் மரத்தூண்களில் நிற்கிறது. மீனின் தலை, வால், துடுப்பு, குடல் நீக்கும் இயந்திரத்தை அவசரப்படாமல் பாருங்கள்: பலர் கத்தியோடு நின்று செய்த வேலையை அது ஒன்றே செய்தது. பழங்குடியினர், சீனர், ஜப்பானியர், ஐரோப்பியர் தனித்தனிக் குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டதையும் அங்கே அறியலாம். பலகை நடைபாதை ஈரத்தில் வழுக்கும். கோடைக்கு வெளியே போவதானால் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: மழையில் நெடுஞ்சாலை 16-இல் டெரஸ் நகர் வரை ஓட்டுவது ஆபத்தா? (வாசகர், மார்க்கம்)

பதில்: மழை நாளில்தான் அந்தச் சாலை அழகு. ஒருவழி சுமார் 145 கி.மீ.; பெரும்பகுதி ஸ்கீனா ஆற்றோரமாகவே போகும். கனமழைக்குப் பிறகு பாறைச் சுவர்களில் வெள்ளிக் கோடுகளாக அருவிகள் இறங்கும். படம் எடுக்க ஒதுக்கிடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ரயில் பாதை, ஓரம் மிகக் குறுகல்.

கண்ணாடி உட்புறம் மூடுபனி போல மங்கினால் சூட்டோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுழலவிட்டால் நனைந்த உடைகளின் ஈரம் மறுபடி கண்ணாடியில்தான் படியும். சக்கரத் தடங்களில் தேங்கிய நீரில் கார் மிதப்பதுபோலத் தோன்றினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். நடுவழியில் கிடைக்கும் என்று நம்பாமல் பெட்ரோலை நகரிலேயே நிரப்புங்கள், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். மண்சரிவும் பனிச்சரிவும் இச்சாலையை மூடுவதுண்டு, அப்போது சுற்றிப்போக வேறு சாலை கிடையாது. புறப்படுமுன், மாகாணச் சாலைகளின் நிலவரம் சொல்லும் டிரைவ் பிசி (DriveBC) இணையதளத்தைப் பாருங்கள். அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம்; வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே குனிந்து பார்த்துவிடுங்கள்.