இலங்கையின் இங்கினியாகலையில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துகிறதாமே, அது எப்படி முடிகிறது?

உண்மைதான். அங்குள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி போனால், அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லோயா ஆற்றை மறித்து அணை கட்டியபோது பள்ளமெல்லாம் நீருக்குள் போய், குன்றுகள் தீவுகளாக நின்றன. அந்தத் தீவுகளில் புல்லும் தழையும் இருந்தால் யானை விடுமா?

யானை பாரம்தான், ஆனால் தண்ணீரில் மிதக்கும். நாலு காலையும் துடுப்புப்போல் அடித்து, தும்பிக்கையை மேலே நீட்டி மூச்செடுக்கும். வியப்பு இங்கேதான். தும்பிக்கை நுனி மேலே இருந்தாலும் நெஞ்சு ஏறக்குறைய இரண்டு மீற்றர் ஆழத்தில் கிடக்கலாம். உடலைத் தண்ணீர் அழுத்துகிறது. நுரையீரலுக்குள் இருப்பதோ மேலே இருந்து வரும் சாதாரணக் காற்று. நாம் அந்த ஆழத்தில் நீளக் குழாய் வைத்து மூச்செடுக்கப் பார்த்தால் நெஞ்சு விரியாது, நுரையீரலைச் சுற்றிய மெல்லிய இரத்தக் குழாய்களும் சேதமாகலாம். (தயவுசெய்து முயல வேண்டாம்!) நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் நீர்மம் கொண்ட மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடம் முழுக்க இணைப்புத் திசுவால் நிரம்பியிருப்பதால், அது தாங்கும்.

அது உடல் தந்த வசதி. பழக்கமும் மாறுகிறது. ஆட்கள் நடமாடும் இடங்களில் யானை பகலில் காட்டுக்குள் பதுங்கி, இருட்டிய பிறகுதான் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கும். வேளாண்மைக்குக் காவல் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.